பஸ்ஸுக்கு மட்டும்

பஸ்ஸில் கட்டணம் போடுகிற சில்லறைப் பெட்டியின் வாயில் டிப்போக்காரர்கள் மஞ்சள் டேப்பை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒட்டியவனுக்கு என்ன அவசரமோ, ஒரு முனை சரியாகப் பிடிக்காமல் சுருண்டு எழுந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. டிரைவரம்மாவுக்குக் காலையிலிருந்தே அந்தச் சத்தம் எரிச்சல். பிய்த்து எறியவும் கூடாது, அழுத்தி ஒட்டினாலும் நிற்காது. பள்ளிக்கூட நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறந்ததும்தான் அது கொஞ்சம் அடங்கியது.

பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். ஏறுகிற ஒவ்வொருத்தரும் கார்டை மெஷின்மேல் வைக்க வேண்டும். டிக் என்று ஒரு சத்தம், ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான். இனிமேல் பஸ்ஸில் காசு வாங்குவதில்லை, பேங்க் கார்டு மட்டும்தான் என்று கம்பெனி சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு மட்டும் இலவசம். ஏழு வயதிலிருந்து, உன் பல்லெல்லாம் விழுந்து முளைத்துவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை, கார்டு எங்கே என்றுதான் கேட்பார்கள்.

கடைசியாக ஒரு சிறுமி படியேறி வந்தாள். டிரைவரம்மாவின் மூத்த மகளோடு படிப்பவள். அவள் பெயர் வேறென்னவோ, பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் முடிச்சு. காசு, ரப்பர், பென்சில் சீவி, பாதி தின்ற பிஸ்கட், எதுவானாலும் கைக்குட்டையில் முடிந்துதான் வைத்திருப்பாள். பல்லால் முடிச்சை அவிழ்த்தபடியே வந்தவள் பெட்டியில் காசு போடக் கையை நீட்டினாள். மஞ்சள் டேப்பைப் பார்த்தாள். நிமிர்ந்து டிரைவரம்மாவைப் பார்த்தாள்.

"காசு வாங்கறதில்லடா கண்ணு. கார்டு இருக்கா?"

"அம்மா காசுதான் குடுத்தாங்க."

"அது தெரியுதும்மா. இந்தப் பெட்டிய மூடிட்டாங்க பாரு."

"அப்ப நீங்க வாங்கிக்கோங்க" என்று அந்தப் பெண் உள்ளங்கையை நீட்டினாள். காசில் கைக்குட்டையின் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

டிரைவரம்மா தன் கார்டை எடுத்து ஒருமுறை வைத்திருந்தால் தீர்ந்தது, இதற்குப் போய் இவ்வளவு யோசனையா என்று கேட்கத் தோன்றும். அதையும் செய்து பார்த்தவள்தான் அவள். போன வாரம் இரண்டு பிள்ளைகளுக்குத் தன் கார்டை வைத்தாள். தலைக்குமேல் இருக்கும் கேமரா அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? மறுநாள் டிப்போ மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். பயணிகளின் காசு விவகாரத்தில் டிரைவர் கை படவே கூடாது, இன்னொரு தடவை நடந்தால் சீட்டிலிருந்து இறக்கி வண்டி கழுவும் கொட்டகையில் போட்டுவிடுவேன் என்றார். வண்டி கழுவுவது ஒன்றும் கேவலமில்லை. அந்தக் கொட்டகையில் ஐந்து வருஷம் முழங்கால் நனைய நின்றுவிட்டுத்தான் அவள் இந்தச் சீட்டுக்கு வந்தாள். பொம்பளைக்கு ஸ்டீயரிங் கனக்கும் என்றவர்கள் வாயையெல்லாம் அடைத்துவிட்டு வந்தவள். திரும்ப அங்கே போவதா?

"இறங்கிக்கோடா. அம்மாகிட்ட சொல்லி ஒரு கார்டு வாங்கச் சொல்லு, என்ன?"

"சரி டீச்சர்" என்றது அந்தப் பெண். அதிகாரமாகப் பேசுகிற பெண்கள் எல்லோரும் அதற்கு டீச்சர்தான் போலிருக்கிறது. இறங்கியது. டிரைவரம்மா பொத்தானை அழுத்தினாள். கதவு மூடிக்கொண்டது. பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது முடிச்சு காசை மறுபடி கைக்குட்டையில் வைத்து, நிதானமாக, நுனியை நாக்கால் நனைத்து முடிந்துகொண்டிருந்தாள். முதல் சீட்டில் தன் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருப்பதும், மூத்தவள் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பின்னாலேயே பார்ப்பதும் உட்கண்ணாடியில் தெரிந்தது. அன்றைக்குக் கடைசி நிறுத்தம் வரை டிரைவரம்மா அந்தக் கண்ணாடியைத் திரும்பப் பார்க்கவில்லை.

வீட்டில் மூத்தவளைப் பெரியவள் என்பார்கள். ஒன்பது வயது. ஐந்து வயதுச் சின்னவளுக்குக் குண்டூசி என்று பெயர், உருவத்துக்கும் பேச்சுக்கும் சேர்த்து வைத்தது. இரண்டு பேரும் இதுவரை ஊழியர் குடும்ப பாஸில் அம்மாவின் வண்டியிலேயே வந்து போய்க்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் பெரியவள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தாள்.

"முடிச்சு நடந்துதான் போறா. பாலத்து மேல. லாரி எல்லாம் போகும்ல, அந்தப் பாலம்."

"சட்டம் அப்படி இருக்கும்மா, நான் என்ன பண்ணட்டும்?"

"கதவ சட்டமா மூடிச்சு? நீதான மூடின."

டிரைவரம்மாவுக்குச் சுருக்கென்றது. இந்த வயதில் இப்படி ஒரு வாய். அடிக்கலாம் போலவும் இருந்தது, எழுந்து வேறு அறைக்குப் போய்விடலாம் போலவும் இருந்தது. முடிச்சின் அம்மாவை அவளுக்குத் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஐஸ் கம்பெனியில் மீன் சுத்தம் செய்கிறவள். கூலியைக் கையில்தான் கொடுப்பார்கள். பேங்கில் கணக்குத் தொடங்கப் போனால் வீட்டு முகவரிக்கு அத்தாட்சி கேட்கிறார்கள், வீட்டுச் சொந்தக்காரனைக் கேட்டால் அத்தாட்சி கொடுத்தால் நாளைக்கு வீடே உன்னுடையது என்பாய் என்கிறான். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். காசு இருக்கிறது, கார்டு இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போக ஒரு குழந்தைக்கு எதற்கு பேங்க்காரன் தயவு? இதை டிரைவரம்மா மனசுக்குள் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். வெளியே கேட்டால் டிப்போவில் காது கொடுப்பார் இல்லை.

மாதக் கடைசியோடு குடும்ப பாஸும் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. ஆக, வீட்டிலும் பேச்சு எழுந்தது. பெரியவளுக்குக் கார்டு வாங்குவதா வேண்டாமா?

டிரைவரம்மாவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற மனுஷன். வேலையில் எத்தனை ஜாக்கிரதையோ வீட்டிலும் அத்தனை ஜாக்கிரதை. அடுப்பை அணைத்தாயா என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு இரண்டு தடவை கேட்பார்.

"ஒன்பது வயசுல கார்டா? எனக்கே கல்யாணத்துக்கு அப்புறம்தான் வந்துச்சு. நான் போற ஒரு அடுக்குமாடியில, ஏழாவது மாடியில ஒரு பொடியன் இருக்கான். அப்பன் கார்டு குடுத்திருக்கான். தினமும் பார்சல். அந்த லிஃப்ட்ல ஏறுற பாதிச் சுமை அவனோட பார்சல்தான். காசுன்னா கண்ணுக்குத் தெரியணும். கைய விட்டுப் போறப்ப கைக்குத் தெரியணும். டிக்குன்னு ஒரு சத்தத்துல போச்சுன்னா பிள்ளைக்கு என்ன புரியும்?"

"அப்ப அவளும் பாலத்து மேல நடந்து வரட்டுமா?"

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. ஒரு பக்கம் ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் கார்டைத் திணிக்கிற இந்த உலகத்தின்மேல் கோபம், மறுபக்கம் வேறு வழியும் இல்லை. இதற்கு நடுவில் பெரியவள் எனக்குக் கார்டு வேணும் என்று ஒற்றைக் காலில் நிற்க ஆரம்பித்தாள். சொல்லாமலே தட்டுக் கழுவினாள், குண்டூசிக்குத் தலை வாரிவிட்டாள், அப்பாவின் கிரீஸ் படிந்த சட்டையை ஊறப் போட்டாள். பெற்றவள் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பிள்ளை பொறுப்பாகிவிட்டது என்று பூரித்துப்போனாள், பாவம்.

விடுமுறை நாள் பார்த்து, புருஷனும் பெண்டாட்டியும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். குழந்தைகள் கார்டை எங்கெங்கே பயன்படுத்தலாம் என்று பெற்றவர்கள் தீர்மானிக்கலாமாம், வரிசையாகக் கேட்டது. கடை? மூடு, என்றார் அவர். ஹோட்டல்? மூடு. போன் விளையாட்டு? அதை முதல்ல மூடு. ஆன்லைன்? எனக்குக் கெட்ட வார்த்தை வருது, மூடு. பொம்மைக் கடை, சினிமா, மிட்டாய், எல்லாம் மூடியாயிற்று. கடைசியில் பஸ் மட்டும் திறந்திருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

"ரெண்டுன்னு போடு. போக ஒண்ணு, வர ஒண்ணு."

டிரைவரம்மா சிரித்துவிட்டாள். பத்து வருஷமாக பஸ்ஸே கதியாகக் கிடப்பவள் அல்லவா. "வண்டி பாதியில நின்னு வேற வண்டி மாறினா? ரெண்டுன்னு போட்டு வச்சா நடுரோட்டுல நிப்பா. எண்ணிக்கை எல்லாம் வேணாம், விடுங்க. ஒரு குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை பஸ்தான் ஏறிடும்?"

"பஸ்ஸத் தவிர வேற எதுக்கும் போகாதில்ல?"

"போகாது."

"அப்ப சரி" என்றார் அவர், ரொம்பத் திருப்தியாக. எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியவள் முகத்திலும் ஒரு திருப்தி இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

குடைப் படம் போட்ட கார்டு வந்து சேர்ந்தது. குண்டூசி எனக்கெங்கே என்று தரையில் புரண்டு அழுதது. பிறகு பற்பசை டப்பாவை வெட்டித் தானே ஒரு கார்டு செய்துகொண்டது. ஃப்ரிட்ஜ் கதவில் வைக்கும், வாயாலேயே டிக் என்று சொல்லிவிட்டுத்தான் திறக்கும். அப்பா குளித்துவிட்டு வந்தால் அவர் முதுகில் வைத்து டிக் என்றது. பச்சை விளக்கு எங்கே எரியும் என்று அவர் கேட்டதற்குக் கண்ணை அகல விழித்துக் காட்டியது.

முதல் தேதி, பள்ளிக்கூட நிறுத்தம். பெரியவள் குண்டூசியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள். குடைக் கார்டை வைத்தாள். டிக். குண்டூசியை உள்ளே தள்ளிவிட்டாள், ஆனால் தான் மட்டும் நகரவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் கம்பியோடு ஒட்டி நின்றுகொண்டு வெளியே பார்த்து, "ஏறு" என்றாள். முடிச்சு ஏறினாள். பெரியவள் மறுபடி கார்டை வைத்தாள். டிக். முடிச்சு அவிழ்த்து வைத்திருந்த காசைப் பெரியவளின் பென்சில் டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே போனாள். "அடுத்தது." டிக். ஒரு காசுச் சத்தம். "தள்ளிப் போய் நில்லு. அடுத்தது." டிக். ஐஸ் கம்பெனிப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வரிசை கட்டி ஏறினார்கள். ஒவ்வொரு டிக்குக்கும் டிரைவரம்மாவின் காலடியில் கிடந்த பைக்குள் போன் ஒருமுறை உறுமியது. உங்கள் குழந்தை பஸ்ஸில் ஏறினாள். உங்கள் குழந்தை பஸ்ஸில் ஏறினாள். ஒரே நிமிஷத்தில் அந்தக் குழந்தை அத்தனை தடவை பஸ் ஏறியது.

டிரைவரம்மா இதில் தப்பு எங்கே என்று தேடினாள். ஒவ்வொரு ஆளுக்கும் கட்டணம் போகிறது. டிரைவர் கை எதிலும் படவில்லை. மெஷின் பச்சையைக் காட்டுகிறது. பெரியவள் கடைசி ஆளும் ஏறியபிறகு பென்சில் டப்பாவை மூடி, அம்மாவைப் பார்த்து, "போலாம் ரைட்" என்றாள். பின் சீட்டில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். கம்பெனி கண்டக்டர்களை ஒழித்து எத்தனையோ காலம் ஆகிறது, இந்தப் பெண்ணுக்கு அந்த வார்த்தையை யார் சொல்லிக்கொடுத்தார்களோ. டிரைவரம்மா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தாள். பாலத்தில் ஏறும்போது ஓரத்தில் நடந்துபோகிற குழந்தை ஒன்றுகூட இல்லை என்பதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கரித்தது. தான் நடுங்கிக்கொண்டு மூடிய கதவை இவள் ஒரு குடைப் படத்தை வைத்துத் திறந்துவிட்டாள். பெருமையாக இருந்தது, அதற்குச் சமமாக வெட்கமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் கார்டில் போட்ட மாதப் பணம் காலி என்று போனில் செய்தி வந்தபோது வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "நான் சொன்னேனா இல்லையா? கார்டுன்னா இதுதான்! எங்கடி போச்சு அவ்வளவும்?"

பெரியவள் பயப்படவில்லை. பையைத் திறந்தாள். பென்சில் டப்பா பற்றாமல் ஒரு பள்ளிக்கூடக் காலுறையிலும் நிரப்பி வைத்திருந்ததைக் கட்டிலில் கொட்டினாள். காசு உருண்டோடியது, குண்டூசி துரத்திப் பிடித்தது. "காசு கண்ணுக்குத் தெரியணும்னீங்கல்ல? இந்தாங்க. எல்லாம் இருக்கு. அப்புறம், பஸ்ஸுக்கு மட்டும்தான்னு சொன்னீங்க. பஸ்ஸுக்கு மட்டும்தான்பா வச்சேன்."

மனுஷன் காசைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. காசைக் கைநிறைய அள்ளி, கனம் பார்ப்பதுபோல் குலுக்கினார். பிறகு அவரே உட்கார்ந்து அதே தொகையைப் போனில் திரும்பக் கார்டில் ஏற்றிக் கொடுத்தார். "இத பேங்க்ல கொண்டுபோய்க் கட்டுறது என் தலையெழுத்து" என்று முனகினாலும் மறுநாள் வேலைக்குப் போகும்போது அடுப்பைப் பற்றி ஒரு தடவைதான் கேட்டார்.

ஆனால் கேமரா சும்மா இருக்குமா? டிப்போ மேனேஜர் டிரைவரம்மாவைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷன் இல்லை, மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர். திரையில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் கார்டு, ஒரு கையில் டப்பா. ஒருவருக்கும் தெரியாமல் செய்கிற முகம் இல்லை அது.

"டிரைவரோட பொண்ணு, டிரைவர் கண்ணு முன்னாடி பஸ்ல நின்னு காசு வசூல் பண்றா. இத மேல என்னன்னு எழுதுவாங்க தெரியுமா உங்களுக்கு?"

"கட்டணம் எல்லாம் மெஷின்ல ஏறியிருக்கே சார்."

"ஒரு கார்டு, ஒரு ஆளு. நாளையிலேர்ந்து மெஷினையும் அப்படித்தான் மாத்தப் போறாங்க. ஒரு தடவை வச்ச கார்டு உடனே மறுபடி எடுக்காது. இருந்தாலும் நான் சொல்றதக் கேளுங்கம்மா. அந்தப் பொண்ணு கார்ட நீங்களே மூடிடுங்க. மூடிட்டேன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, விஷயத்த இத்தோட முடிச்சிடறேன். இல்லன்னா சீட்ட நான் காப்பாத்த முடியாது."

சாயங்காலம் அவள் சமையலறையில் நின்றபடி போனைத் திறந்தாள். கார்டை நிறுத்தவா என்று கேட்டது, ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். விரல் ஆம் மேலேயே நின்றது. வீட்டு வாடகை, இரண்டு பள்ளிக் கட்டணம், சீட்டு போனால் பாதிச் சம்பளம். மூடு, குழந்தைதானே, நாலு நாள் அழுவாள், மறந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டாள். மறக்க மாட்டாள் என்றும் தெரிந்தது. கதவ நீதான மூடின. தட்டுக்கு முன்னால் பெரியவள் சொன்னது அது.

வீட்டுக்காரர் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னாள். மூடிவிடு என்பார் என்று எதிர்பார்த்தாள். முதல் நாளிலிருந்து கார்டு வேண்டாம் என்றவர் அவர்தானே.

"இன்னைக்கு ஒரு லிஃப்ட். உள்ள ஒரு பெரிய மனுஷன், நேரமாச்சு நேரமாச்சுன்னு கத்துறாரு. கதவு மூடவே இல்ல. நான் போய்ப் பாத்தா, பக்கத்து வீட்டுக் குழந்தை ஒண்ணு கதவுப் பள்ளத்துல ஒரு கால வச்சுக்கிட்டு அம்மாவுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. உள்ள எவன் நின்னா என்ன, நடுவுல ஒரு பிள்ளையோட கால் இருந்தா லிஃப்ட் நகராது. நகரவே கூடாதுன்னுதான் அதச் செஞ்சு வச்சிருக்கோம்." ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டார். "கார்ட மூடாத. வர்றது வரட்டும். நீ கொட்டகைக்குப் போனா நான் ராத்திரி வேலையும் சேத்துப் பாக்குறேன். அவ முன்னாடி நாம தலை குனிஞ்சு நிக்க வேணாம்."

அவள் இல்லை என்ற பொத்தானை அழுத்தினாள். இவர் வாயிலிருந்தா இந்தப் பேச்சு என்று ஒரு நிமிஷம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பள்ளிக்கூட நிறுத்தத்தில் வரிசை தயாராக நின்றது. பெரியவள் கார்டை வைத்தாள். டிக், பச்சை. முடிச்சு ஏறினாள். பெரியவள் மறுபடி வைத்தாள். மெஷின் நீளமாக ஒரு பீப் போட்டது. சிவப்பு. கார்டைப் பாவாடையில் துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. திருப்பி வைத்தாள். சிவப்பு. குண்டூசி எக்கி நின்று, பற்பசை டப்பாக் கார்டை மெஷினில் அழுத்தி, வாயால் டிக் என்றது. அதற்கும் சிவப்புதான்.

"நேரமாச்சும்மா, கதவ மூடுங்க" என்றார் உள்ளேயிருந்து ஒருவர்.

முடிச்சு கைக்குட்டையை முடிந்துகொண்டு இறங்கினாள். பழகிப்போன குழந்தை இறங்குவதுபோல இறங்கினாள். டிரைவரம்மாவுக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

"உள்ள வா பெரியவளே" என்றாள்.

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவளும் இறங்கினாள், முழுசாக இல்லை. ஒரு கால் கீழ்ப் படியில், ஒரு கால் ரோட்டில், கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு. "அவங்க ஏறாம நான் வர மாட்டேன்."

டிரைவரம்மாவின் விரல் பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டது. கதவு புறப்பட்டது, பெரியவளின் பையில் முட்டியது, முட்டியதும் தானாக அகலத் திறந்துகொண்டது. இத்தனை வருஷத்தில் ஆயிரம் தடவை பார்த்ததுதான். இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். விரலை எடுத்துவிட்டாள். கைப்பிரேக்கை இழுத்தாள்.

வயர்லெஸ் கரகரத்தது. மேனேஜர்தான், கேமராவுக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தார் போல. "பதினேழாம் நம்பர், ஏன் நிக்குது வண்டி?"

"கதவு மூட மாட்டேங்குது சார்."

"என்ன கோளாறு?"

"கோளாறு ஒண்ணும் இல்ல. நடுவுல பிள்ளைங்க நிக்கிறாங்க."

"இறக்கி விட்டுட்டுக் கிளம்புங்கம்மா!"

"இறக்குனா மூடாது சார். ஏத்துனாத்தான் மூடும்."

வயர்லெஸ் என்னவோ கத்தியது. அவள் அதை மாட்டுகிற இடத்தில் மாட்டினாள், மெதுவாக, வழக்கம்போல. எஞ்சின் நின்ற இடத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது, அந்த அதிர்வுக்கு மஞ்சள் டேப்பின் முனை படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு மாதமாக உயிரை வாங்கிய சத்தம். டிரைவரம்மா எழுந்து தன் சீட்டுக்குப் பக்கத்து அரைக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். தலைக்குமேல் கேமரா இருந்தது, அண்ணாந்து அதை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு விரலால் டேப்பின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பர்ரென்று வந்துவிட்டது.

"ஏறு கண்ணு" என்றாள்.

முடிச்சு நம்பாமல் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் தலையாட்டினாள். குட்டிக் கால் படியில் ஏறியது. பஸ்ஸே கழுத்தை நீட்டிக்கொண்டு பார்க்க, முடிச்சு அவசரப்படாமல் பல்லால் கைக்குட்டையை அவிழ்த்தாள், காசில் ஒட்டியிருந்த நூலை ஊதித் தள்ளினாள், எட்டிப் பெட்டியில் போட்டாள். காலிப் பெட்டிக்குள் அந்த ஒற்றைக் காசு விழுந்த சத்தம் கடைசி சீட்டு வரைக்கும் கேட்டது.